கல்லீரல் காயத்துக்கு 3டி ஸ்லைசர்: குமரி மாவட்ட மருத்துவமனைகளுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தென்னையிலிருந்து விழுந்தவர், பனையேறும்போது கால் தவறியவர், மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் நடுவே டிப்பர் இடித்த பைக் ஓட்டி. குமரி மாவட்டத்தின் அவசரப் பிரிவுகளுக்கு இப்படி வருகிறவர்கள் புதியவர்கள் அல்ல. வலது பக்க விலாவில் அடி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரல். ரத்த அழுத்தம் நிலையாக நிற்கும்வரை, ஈரல் நன்றாகவே கிழிந்திருந்தாலும் வயிற்றைத் திறக்காமல் ஐ.சி.யு.வில் வைத்துப் பார்ப்பதுதான் இன்று வழக்கம். அந்த வழியில் போகிறபோது மருத்துவருக்குத் தெரிய வேண்டியது, கிழிசல் எங்கே தொடங்கி எதுவரை போகிறது, எந்த ரத்தக்குழாயை ஒட்டி நிற்கிறது என்பது. சி.டி. படத்தை ஒவ்வொரு வெட்டாகப் புரட்டி மனத்துக்குள் அதை உருவாக்கிக்கொள்ள நல்ல ரேடியாலஜிஸ்ட்டால் முடியும். அதையே அறுவை மருத்துவரும் ஐ.சி.யு. மருத்துவரும் எம்போலைசேஷன் (கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே குழாய் விட்டு அடைப்பது) செய்கிறவரும் ஒன்றுபோலப் பார்க்க வேண்டுமானால் முப்பரிமாண உருவம் வேண்டும். 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கு எவ்வளவு உதவும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரத்தமும் திரவமும் ஏற்றிய பிறகும் அழுத்தம் நிற்காத நோயாளிக்கு இதில் ஒரு பயனும் கிடையாது. அவர் போக வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர், சி.டி. அறைகூட இல்லை. நிலையாக நிற்கிற, கிரேடு (காயத்தின் கடுமையைச் சொல்லும் எண், விவரம் பின்னால்) 3-ம் அதற்கு மேலும் உள்ள காயத்தில் அடுத்த முடிவுக்கு (எம்போலைசேஷனா, காத்திருப்பதா, திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்புவதா, நாலாம் நாள் அறுவையா) இது மிக நல்ல கருவி. பணம் கொடுத்து வாங்கும் சில மென்பொருள்களில் கிடைக்காத அளவுக்கு இதில் கையால் திருத்த வசதி இருக்கிறது. ஈரல் காயத்துக்கு அந்தத் திருத்தம் இல்லாமல் முடியாது.

1998-ல் பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் அறுவைத் திட்ட ஆய்வகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சிகிச்சை முடிவெடுக்க அங்கீகாரம் பெற்ற கருவி அல்ல, பொறுப்பு பயன்படுத்துகிறவருடையது என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே ரேடியாலஜிஸ்ட்டின் அறிக்கைக்குத் துணையாக இதை வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக அல்ல.

கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 500 வெட்டு உள்ள ஒரு சி.டி. தொகுதி நினைவகத்தில் ஏறக்குறைய 250 எம்.பி. பிடிக்கும், இரண்டு ஃபேஸ் (ரத்தக்குழாயைக் காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியபின் வெவ்வேறு நேரத்தில் எடுக்கும் தொகுதி) ஏற்றினால் 500. வேலை செய்யும்போது அதைப்போலப் பத்து மடங்கு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால் 16 ஜி.பி. ரேம் தாராளம். உருட்டுச் சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம், லேப்டாப்பின் டச்பேடில் இந்த வேலை நடக்காது. யு.பி.எஸ். இல்லாத மேசையில் உட்கார வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் சேமிக்காததெல்லாம் போய்விடும்.

சி.டி. சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை

மென்பொருளைக் குறை சொல்கிறவர்களில் பலர் உண்மையில் குறை சொல்ல வேண்டியது சி.டி. எடுத்த முறையை. ஃபிலிமில் அச்சிட்ட படமோ, குறுந்தட்டில் ஜேபெக்காகப் பதிந்து கொடுத்த படமோ, வாட்ஸ்அப்பில் வந்த, திரையைப் படம் பிடித்த படமோ இதற்கு உதவாது. டைகாம் (ஸ்கேனர் தரும் மூல வடிவ) கோப்புகள் வேண்டும், அதுவும் மெல்லிய வெட்டில். பல இடங்களில் 5 மில்லிமீட்டர் தொகுதியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து உருவாக்கிய ஈரல் படிக்கட்டு வைத்த கோவில் குளம் மாதிரி இருக்கும். 3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஆர்ட்டரி (தமனி) இரண்டு படிகளுக்கு நடுவே காணாமல் போகும். 1 அல்லது 1.25 மில்லிமீட்டர் தொகுதி கேளுங்கள். அன்றைக்கே கேளுங்கள். ஸ்கேனரில் உள்ள ரா டேட்டா இருந்தால்தான் மறுபடி மெல்லிய வெட்டாகத் திரட்ட முடியும், டிஸ்க் நிரம்பியதும் அது அழிக்கப்பட்டுவிடும். நாலு நாள் கழித்துப் போய்க் கேட்டால் கிடைக்காது.

அடுத்தது காண்ட்ராஸ்ட். புறங்கையில் போட்ட 22 கேஜ் ஊசி வழியாக மெதுவாக ஏற்றினால் ஆர்ட்டரி ஃபேஸ் மங்கிப் போகும். படத்தில் இல்லாத ஆர்ட்டரியை எந்த மென்பொருளும் வரைந்து தராது. முழங்கை மடிப்பில் 18 கேஜ், எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 1.5 மில்லி (பெரியவருக்கு ஏறக்குறைய 100 மில்லி), நொடிக்கு 3 முதல் 4 மில்லி. ஆர்ட்டரி ஃபேஸ் 25–35 நொடியில், போர்ட்டல் ஃபேஸ் (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயின் நிறையும் நேரம்) 70 நொடி வாக்கில். ரத்தம் கசிகிற மாதிரி தெரிந்தால் 3–5 நிமிடத்தில் இன்னொரு தாமதப் படம். இந்த மூன்றாவதை விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. ஆர்ட்டரி ஃபேஸில் வெள்ளையாகத் தெரிந்த பொட்டு தாமதப் படத்தில் பெரிதாகிப் பரவினால் அது ஓடிக்கொண்டிருக்கும் கசிவு. அதே வடிவில் நின்று, ரத்தக்குழாய்களோடு சேர்ந்து மங்கினால் சூடோஅனியூரிசம் (குழாய்ச் சுவர் கிழிந்த இடத்தில் ரத்தம் பை போல அடைபட்டு நிற்பது). முப்பரிமாண உருவத்தில் இரண்டும் ஒரே சிவப்புக் கொப்புளமாகத்தான் நிற்கும்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நோயாளியின் படத்தில், இரண்டு முழங்கை எலும்பிலிருந்தும் கோடு கோடாக நிழல் விழுந்து ஈரலைக் குறுக்கே வெட்டும். மார்பில் ஒட்டிய ஈ.சி.ஜி. வயரும் அதையே செய்யும். இந்தக் கோடுகளைக் கிழிசல் என்று குறித்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. ஒரு அடையாளம் உண்டு: நிழல் ஈரலோடு நிற்காது, அதே நேர்கோட்டில் ஈரலைத் தாண்டிக் கொழுப்பிலும் வயிற்றுத் தசையிலும் தொடரும். கிழிசல் ஈரலின் ஓரத்தோடு முடிந்துவிடும்.

கோப்புகளை ஏற்றும்போது வெட்டுகளுக்கு இடையிலான தூரம் சமமாக இல்லை என்று எச்சரிக்கை வந்தால் அதை மூடிவிட்டு மேலே போகக் கூடாது. தட்டில் சில வெட்டுகள் விடுபட்டிருக்கலாம். அப்படியே போனால் ஈரலின் நீளமும் கன அளவும் தப்பாக வரும், அடுத்துக் கணக்கிடும் எல்லாமும் தப்பாகும்.

ஈரலைப் பிரித்தெடுப்பது

இங்கேதான் நேரம் போகும். பழகிய கை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும். புதியவருக்கு அரை நாள்.

டோட்டல் செக்மென்ட்டேட்டர் என்ற துணை நிரலைச் சேர்த்துக்கொண்டால் ஈரல், பித்தப்பை, கீழ்ப்பெருஞ்சிரை, போர்ட்டல் வெயினின் அடிமரம், வலது சிறுநீரகம் எல்லாம் தானாகவே பிரிந்து வரும். ஜி.பி.யு. உள்ள கணினியில் சில நிமிடம். இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் ஓடும் வேகமான முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முழு நுணுக்கத்தில் அரை மணிக்கு மேல் இழுக்கும். முதல் தடவை ஓட்டும்போது அதன் மாடல் கோப்புகள் இணையத்திலிருந்து இறங்கும். அந்தப் பதிவிறக்கத்தை நோயாளி இல்லாத ஒரு பகலில் முடித்து வையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவமனை வைஃபையை நம்பி உட்கார வேண்டாம்.

தானாக வந்த ஈரலை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. வெளிப்புறம்வரை திறந்துகொண்டிருக்கும் ஆழமான கிழிசலை அது ஈரலுக்கு வெளியே உள்ள இடம் என்று தள்ளிவிடலாம். உறைக்கு அடியில் தேங்கிய ரத்தக்கட்டில் பாதியை ஈரலோடு சேர்த்துவிடலாம். சிறுபிளவு இல்லாத ஈரலில் நன்றாக வேலை செய்கிற நிரல், உடைந்த ஈரலில் தடுமாறும். அதனால் வெட்டு வெட்டாகப் பார்த்து, பெயின்ட்டும் இரேசும் கொண்டு ஓரத்தைத் திருத்திய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். படத்தின் வெளிச்ச-மாறுபாட்டுச் சாளரத்தை லெவல் 80, அகலம் 150 என்று குறுக்கிக்கொண்டால் ஓரம் தெளிவாகத் தெரியும்.

கிழிசலைப் பிரிக்க, ஈரலை மாஸ்க்காக வைத்து உள்ளே மட்டும் த்ரெஷோல்டு (இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை உள்ளதை மட்டும் எடு என்பது) போடுவது சுலபமான வழி. போர்ட்டல் ஃபேஸில் நல்ல ஈரல் 100–120 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் எண்) வாக்கில் நிற்கும். கிழிசலும் ரத்தக்கட்டும் அதற்கு வெகு கீழே. உறையாத ரத்தம் 30–45, உறைந்த கட்டி 45–70. ஓடுகிற கசிவு 85-க்கு மேல், சில சமயம் 300-ஐயும் தாண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போது மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, கொழுப்பேறிய ஈரல். அங்கே நல்ல திசுவே மங்கலாக இருப்பதால் கிழிசலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கரைந்துவிடும். கோட்டை எங்கே வைத்தாலும் பாதி ஈரலும் சேர்ந்து வரும். கையால் வரைவதைத் தவிர வழியில்லை. இரண்டு, திரவம் நிறைய ஏற்றிய நோயாளி. போர்ட்டல் வெயின் கிளைகளின் இரண்டு பக்கமும் நீர் கோத்துக் கறுப்பு ஓரமாகத் தெரியும். த்ரெஷோல்டு அதை எடுத்துக்கொண்டு ஈரல் முழுக்கக் கிழிந்தது போல ஒரு மரத்தை வரைந்து தரும். குழாயின் இரு பக்கமும் ஒரே அகலத்தில் கூடவே ஓடினால் அது நீர். குழாயைக் குறுக்கே கடந்தால் கிழிசல். மூன்று, ஈரலுக்கு இயல்பாகவே உள்ள பிளவுகள். ஃபால்சிஃபார்ம் தசைநார் நுழையும் இடம், உதரவிதானத் தசை அழுத்திய பள்ளம் இவற்றில் கொழுப்பு இருக்கும், எண் பூஜ்யத்துக்கும் கீழே போகும். கீழ் எல்லையை 0-வில் நிறுத்தினால் அவற்றில் பெரும்பகுதி விலகிவிடும்.

ரத்தக்குழாய்களை க்ரோ ஃப்ரம் சீட்ஸ் (இட்ட விதைப் புள்ளியிலிருந்து பரவும்) முறையில் வளர்ப்பது நல்லது. ஈரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெப்பாட்டிக் வெயினுக்கு ஒரு நிறம், போர்ட்டல் வெயினுக்கு வேறு நிறம், மற்றதற்கெல்லாம் பின்னணி என்று ஒரு மூன்றாவது. பின்னணிக்கு விதை போடாமல் விட்டால் குழாய் ஈரல் முழுக்கப் பரவிவிடும். முன்னோட்டம் சரியாக வந்ததும் அப்ளை அழுத்த வேண்டும். முன்னோட்டத்தைப் பார்த்துத் திருப்தியாகி அப்ளை அழுத்தாமல் விட்டால் வளர்ந்த குழாய் நிலைக்காமல் போகும். டோட்டல் செக்மென்ட்டேட்டரில் ஈரல் குழாய்களுக்கென்றே தனியாக ஒரு தேர்வு உண்டு. ஆனால் அது ஹெப்பாட்டிக், போர்ட்டல் இரண்டையும் ஒரே தொகுதியாகத் தரும். கிழிசல் எந்த வெயினை ஒட்டியது என்று கேட்கும் அறுவை மருத்துவருக்கு அந்த ஒற்றை நிற மரத்தால் பயனில்லை. மேலே கீழ்ப்பெருஞ்சிரையை நோக்கிக் கூடுவது ஹெப்பாட்டிக், கீழே ஈரல் வாசலிலிருந்து விரிவது போர்ட்டல். இந்த அடையாளத்தை வைத்துக் கிளை கிளையாகப் பிரிக்க வேண்டும்.

மிருதுவாக்கும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். 3 மில்லிமீட்டர் மீடியன் வடிகட்டி போட்டால் ஈரல் அழகாகப் பளபளக்கும், மெல்லிய கிழிசல் மூடிக்கொள்ளும். காயம் பார்க்கிற படத்தில் சொரசொரப்பு இருக்கட்டும்.

ஆர்ட்டரியை ஆர்ட்டரி ஃபேஸிலிருந்தும் வெயின்களை போர்ட்டல் ஃபேஸிலிருந்தும் எடுத்து ஒன்றாக வைக்கும்போது ஒரு பொறி உண்டு. இரண்டு படத்துக்கும் நடுவே நோயாளி மூச்சு விட்டிருப்பார். விலா உடைந்தவரை மூச்சை ஒரே அளவில் பிடித்து வைக்கச் சொல்ல முடியாது. ஈரல் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கினாலே, கசியும் புள்ளி தவறான கிளையின் மேல் போய் உட்காரும். பொருந்தியிருக்கிறதா என்று சரிபார்க்க முதுகெலும்பைப் பார்க்காதீர்கள், அது மூச்சோடு அசையாது. ஈரலின் உச்சியையும் பித்தப்பையின் அடியையும் பாருங்கள். விலகியிருந்தால் இலாஸ்டிக்ஸ் துணை நிரலால் பொருத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

இதில் கிடைக்கும் உண்மையான லாபம்

காயத்தின் கிரேடு அமெரிக்க விபத்துக்காய அறுவை மருத்துவச் சங்கத்தின் (ஏ.ஏ.எஸ்.டி.) 2018 திருத்தத்தின்படி சொல்லப்படுகிறது. 3 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான கிழிசல் கிரேடு 3. ஒரு பக்க மடலில் 25 முதல் 75 சதவீதம் சிதைந்திருந்தாலோ, கசிவு ஈரலைத் தாண்டி வயிற்றுக்குள் விழுந்தாலோ கிரேடு 4. 75 சதவீதத்துக்கு மேல் சிதைந்தாலோ, ஈரலுக்குப் பின்னால் உள்ள பெருஞ்சிரையோ மையப் பெருவெயின்களோ கிழிந்தாலோ கிரேடு 5. சரிவாக இறங்கும் கிழிசலைக் குறுக்குவெட்டுப் படத்தில் அளந்தால் ஆழம் குறைவாக வரும். ஸ்லைசரில் மார்க்கப்ஸ் என்ற அளவுக் கோட்டை வாயிலிருந்து அடிவரை கிழிசலோடு சேர்த்து இழுத்தால் உண்மையான ஆழம் கிடைக்கும். 2.5 என்று அறிக்கையில் இருந்தது 3.5 ஆகலாம்.

சதவீதத்துக்கு, பித்தப்பைக் குழியிலிருந்து பெருஞ்சிரைவரை நடு ஹெப்பாட்டிக் வெயின் வழியாக ஒரு தளம் வைத்து ஈரலை வலது, இடது என்று சிசர்ஸால் வெட்டுங்கள். செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பகுதி ஒவ்வொன்றின் கன அளவையும் தரும். எடுத்துக்காட்டாக வலது மடல் 900 மில்லி, அதில் கிழிசலும் காண்ட்ராஸ்ட் ஏறாத செத்த பகுதியும் சேர்ந்து 270 மில்லி என்றால் 30 சதவீதம், கிரேடு 4. கண்மதிப்பில் "கால்வாசி இருக்கும்" என்று ஆளுக்கொன்று சொல்லும் விவாதம் இந்த ஒரு எண்ணோடு நின்றுவிடும். செத்த பகுதியின் அளவு பின்னாலும் வேண்டும். பெரிய அளவு செத்தால் சீழும் பித்தக் கசிவும் எதிர்பார்க்கலாம்.

எம்போலைசேஷன் செய்கிறவருக்கு இது இன்னும் பெரிய உதவி. வலது ஹெப்பாட்டிக் ஆர்ட்டரி எல்லோருக்கும் சீலியாக் ஆர்ட்டரி வழியாக வருவதில்லை. பத்தில் ஒருவருக்காவது குடலுக்குப் போகும் மேல் மெசென்டரிக் ஆர்ட்டரியிலிருந்து கிளம்பும். தெரியாமல் சீலியாக்கில் கதீட்டரை வைத்துக்கொண்டு கசிவைத் தேடினால் காண்ட்ராஸ்டும் நேரமும் வீண். ஆர்ட்டரி மரத்தைத் திரையில் மெல்லச் சுழற்றுங்கள். கசியும் கிளை தாய்க்கிளையின் மேல் ஏறி மறைந்திருப்பது ஒரு கோணத்தில் விலகும், கவட்டை விரிந்து தெரியும். அந்தக் கோணத்தைக் குறித்துக் கொடுத்தால் எக்ஸ்ரே கருவியான சி-ஆர்மை நேராக அங்கே திருப்பலாம். சுழற்றும்போது திரையில் தெரியும் ஆர், எல் (வலது, இடது) எழுத்துகளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பின்பக்கமாகத் திரும்பிவிட்ட ஈரல் பார்ப்பதற்கு முன்பக்கம் போலவே இருக்கும், வலது இடதாகிவிடும்.

அறுவை என்று முடிவானால் கேள்வி வேறு. கிழிசல் பெருஞ்சிரையைத் தொடுகிறதா? தொட்டுக்கொண்டு, ரத்தம் தானாகவே அடைபட்டு நிற்கிறது என்றால் வலது மடலைப் பெயர்த்துத் தூக்குவது அந்த அடைப்பைத் திறந்துவிடும். ஈரல் வாசலை இறுக்கிப் பிடிக்கும் பிரிங்கிள் முறை ஆர்ட்டரியையும் போர்ட்டல் வெயினையும் நிறுத்தும். ஹெப்பாட்டிக் வெயினிலிருந்து வரும் ரத்தத்தை நிறுத்தாது. மஞ்சள் நிறக் கிழிசல் நீல நிற ஹெப்பாட்டிக் வெயினின் வேரில் போய் முட்டுவதைத் திரையில் பார்த்த குழு, கூடுதல் ரத்தமும் சுற்றிப் பொதியும் துணிகளும் தயாராக வைத்துக்கொண்டுதான் உள்ளே போகும்.

குறைகளும் இருக்கின்றன. மெனுக்கள் ஆராய்ச்சியாளருக்காக அமைந்தவை. ஒரே பெயரில் இரண்டு மூன்று இடத்தில் வசதிகள் கிடக்கும், புதியவர் தொலைந்துபோவார். தமிழ் இடைமுகம் இல்லாவிட்டாலும் அது மருத்துவர்களுக்குத் தடையல்ல. டெக்னீஷியனுக்குக் கற்பிக்கும்போது ஒரு பக்கத்துக்குக் குறிப்பெழுதி மேசையில் ஒட்டி வைப்பது உதவும். வால்யூம் ரெண்டரிங் (பிரிக்காமலே முழுப் படத்தையும் 3டியாகக் காட்டும்) பகுதியில் ஒரு நொடியில் கிடைக்கும் அழகான படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதில் உள்ள ஷிஃப்ட் பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நல்ல ஆர்ட்டரி அறுந்தது போலவும், கசிவு இல்லாதது போலவும் மாறும். கசிவு இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை எப்போதும் வெட்டுப் படத்தில்தான்.

உறவினர்களிடம் பேசும்போது இந்த உருவத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. "ஈரல் உடஞ்சிருக்குன்னு சொல்லிட்டு ஏன் ஆபரேஷன் பண்ணாம வச்சிருக்கீங்க?" என்று கேட்கிற அண்ணனுக்கு, கிழிசல் பெரிய குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று திரையில் திருப்பிக் காட்டினால் புரியும். அதே படத்தைக் காட்டித்தான், மருத்துவர் சொல்லும்வரை அவரைக் கட்டிலைவிட்டு ஓட விடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது எம்.ஆர்.பி. (ஸ்லைசரின் சொந்த) வடிவில் சேமித்தால் மூலப் படமும் பிரித்த உறுப்புகளும் அளவுகளும் ஒரே கோப்பில் போகும். அங்கே ஸ்லைசர் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே டைகாம் தட்டும், நான்கு கோணத்தில் எடுத்த சாதாரணப் படங்களும் கூடவே போகட்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர் போலத்தான், ஆனால் களியக்காவிளை வழி நெரிசலில் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதற்குள் அங்குள்ளவர்கள் படத்தைப் பார்த்து முடித்திருக்கலாம். மின்னஞ்சலில் அனுப்புவதாக இருந்தால் கோப்புக்குள் எங்காவது நோயாளியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். ஏற்றும்போது மென்பொருள் தானாகவே சேர்த்துவிடுவது உண்டு.

வீட்டுக்குப் போனவர் இரண்டாம் வாரம் காய்ச்சலோடும் மஞ்சள் கண்ணோடும் திரும்பி வரலாம். கறுப்பாக மலம் போனது, வயிறு வலித்தது, கண் மஞ்சளித்தது என்று மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாய்க்குள் ரத்தம் இறங்குகிறது என்று நினைக்க வேண்டும். அப்போது எடுக்கும் புதிய சி.டி.யைப் பழைய கோப்பிலேயே ஏற்றி, பழைய கிழிசலின் மேல் வைத்துப் பாருங்கள். சுருங்க வேண்டிய இடம் வீங்கி, எண் 0–20 வாக்கில் இருந்தால் பித்தம் தேங்கியிருக்கிறது. உள்ளே புதிதாக ஒரு வெள்ளை உருண்டை தெரிந்தால் சூடோஅனியூரிசம், அன்றைக்கே ஆஞ்சியோ. இதற்காகவே டிஸ்சார்ஜ் நாளில் எம்.ஆர்.பி. கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, அட்மிஷன் எண்ணையும் சி.டி. எடுத்த தேதியையும் கோப்பின் பெயராக வைத்து, நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் திரும்பி வருவது இதே மருத்துவமனைக்குத்தான் என்பதில்லை.